லண்டன் – பாரிஸ்: உண்மையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

ஹரோ மகள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பாரிஸ் லா கூர்நேவில் மாமா மகளின் கலியாணம். நாங்கள் இருப்பது லண்டன் ஹரோவில். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, தடி பிடித்துத்தான் நடக்கிறார். விமானத்திலா ரயிலிலா கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுக்க நேற்று இரவு உட்கார்ந்து தேடினேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது. ஓர் இடத்தில் தூரம் 344 கிலோமீட்டர், இன்னோர் இடத்தில் 455, ரயில் பற்றி எழுதியவர்கள் 492 என்கிறார்கள். விமானப் பயணம் 50 நிமிடம் என்று ஒருவர், 1 மணி 20 நிமிடம் என்று இன்னொருவர். டிக்கெட்டைப் பார்த்தால் போகும்போது 9.40க்கு ஏறி 12.00 மணிக்கு இறங்குகிறோம், வரும்போது 4.00 மணிக்கு ஏறி 4.20க்கே இறங்குகிறோம். நேர வித்தியாசம் என்று விளங்குகிறது, ஆனால் அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும், அதனால் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அங்கே மாமா வீட்டுக் கதவைத் தட்டும் வரை எவ்வளவு நேரம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடுபாதை

தங்கச்சி, நான் விமான நிலையத்தில் தரைப் பணியில் 11 வருடம் இருந்தவன். இரண்டு நேரமும் சரிதான், அவை வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன. டிக்கெட்டில் போடுவது, விமானம் நின்ற இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளத் தொடங்கும் நிமிடம் முதல் அங்கே போய் நின்று பிரேக் பூட்டும் நிமிடம் வரை. அது இந்த வழியில் 1 மணி 15, 1 மணி 20 என்று போடுவார்கள். அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம், நமக்கு முன்னால் நிற்கிற விமானங்கள் ஏறும் வரை காத்திருக்கிற நேரம், இறங்கிய பிறகு பாரிஸின் சார்ல் டி கோல் விமான நிலையத்தில் ஓடுபாதையிலிருந்து முனையம் வரை உருண்டு போகிற நேரம் எல்லாம் அடக்கம். பாரிஸில் அந்த உருளல் சில நேரம் முடியவே முடியாது என்று தோன்றும். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை மட்டும் எண்ணினால் 45, 50 நிமிடம்தான்.

அப்புறம், நேர்கோட்டில் யாரும் பறப்பதில்லை. இந்தப் பக்கங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். ஆகவே லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பாரிஸ் இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து ஏறி, திரும்பி, சசெக்ஸ் கரைக்கு வந்து கடலைத் தாண்டும். அங்கேயும் அதே கதைதான், மேற்கே பார்த்து இறங்க வேண்டும் என்பதால் விமான நிலையத்தைக் கடந்து கிழக்கே போய்த் திரும்பி வரும். 35,000 அடிக்கெல்லாம் இந்தத் தூரத்தில் ஏற மாட்டார்கள். ஏறி முடித்துத் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் இறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

வரும்போது இன்னொன்று. ஹீத்ரோவில் நெரிசல் இருந்தால் பொவிங்டன், லாம்போர்ன், ஒக்காம், பிகின் ஹில் என்ற நான்கு இடங்களுக்கு மேலே விமானங்களை அடுக்கடுக்காக வட்டமடிக்க விடுவார்கள். பத்து நிமிடம் அங்கேயே போய்விடும். அதையெல்லாம் சேர்த்துத்தான் நேரம் போடுகிறார்கள். அதனால்தான் தாமதமாகப் புறப்பட்டும் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டோம் என்று விமானி அறிவிக்கிறார்.

தேம்ஸ்கரை

தூரத்தை நான் சொல்கிறேன், இணையத்தில் நம்பரைத் தேட வேண்டாம், நீங்களே போட்டுப் பார்க்கலாம். லண்டன் 51.5 பாகை வடக்கு, 0.1 மேற்கு. பாரிஸ் 48.85 வடக்கு, 2.35 கிழக்கு. வடக்கு தெற்காக வித்தியாசம் 2.65 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், ஆக 294. கிழக்கு மேற்காக வித்தியாசம் 2.45 பாகை, ஆனால் இவ்வளவு வடக்கே பூமி குறுகிவிடுகிறது, ஒரு பாகை சுமார் 71 கிலோமீட்டர்தான், ஆக 174. பள்ளிக்கூடத்தில் படித்த கர்ணம் கணக்குத்தான், இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 342 வருகிறது. ஊரின் நடுப்புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும் குறையும், அதனால் 344 என்பது நேர்கோட்டுத் தூரம். காக்கை பறந்தால் அவ்வளவு.

455 என்பது சாலை. லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டன் 110 சொச்சம், கடலுக்கு அடியில் போகிற சுரங்கம் 50, அந்தக் கரையில் கலேயிலிருந்து பாரிஸ் 290 சொச்சம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

ரயில் 492 ஏன் என்பது எனக்கும் முதலில் புரியவில்லை. சாலையை விடத் தண்டவாளம் நீளமாக இருக்கிறதே என்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. பாரிஸ் வாசிகள் யாராவது விளக்கமாகச் சொன்னால் நல்லது.

பாரிஸ் பழசு

லில் நகரம்தான் காரணம், தம்பி. கலேயிலிருந்து பாரிஸ் தெற்கே இருக்கிறது. ஆனால் அதிவேகப் பாதை முதலில் கிழக்கே லில்லுக்குப் போய் அங்கிருந்து பாரிஸுக்குத் திரும்புகிறது. பிரசல்ஸ் போகும் ரயிலுக்கும் லண்டன் போகும் ரயிலுக்கும் பொதுவான சந்தியாக லில் வர வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் போராடி வாங்கிய பாதை அது. அமியான் வழியாகக் குறுக்கே ஒரு பாதை போட வேண்டும் என்ற பேச்சு நான் வந்த காலத்திலிருந்து கேட்கிறேன், போடவில்லை. ஆனால் சுற்றிப் போனாலும் 300 கிலோமீட்டர் வேகத்தில் போவதால் தெரியாது. சுரங்கத்துக்குள் மட்டும் 160க்கு இறங்கிவிடும்.

நான் 1995இலிருந்து இந்த வழியில் போய்வருகிறேன். என் அக்கா தெற்கு லண்டன் டூட்டிங்கில் இருக்கிறா. அப்போது லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் போய் இறங்க வேண்டும், 3 மணி நேரம். பிரான்ஸில் பறந்து வந்த ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் கென்ட் பக்கத்துப் பழைய தண்டவாளத்தில் உள்ளூர் ரயில்களுக்குப் பின்னால் உருண்டு உருண்டு போகும். ஆப்பிள் தோட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். 2003இல் புதிய பாதையில் ஒரு பகுதி திறந்தார்கள், 20 நிமிடம் குறைந்தது. 2007 நவம்பர் 14இல் முழுப் பாதையும் திறந்து லண்டன் சென்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு மாற்றினார்கள், இன்னும் 20 நிமிடம் குறைந்தது. இப்போது வேகமான ரயில் 2 மணி 16 நிமிடம். அந்த வருடம் திறப்பு விழாவுக்கு முன் செப்டம்பரில் வழியெல்லாம் விலக்கிக் கொடுத்து ஒரு ரயிலை விட்டார்கள், பாரிஸிலிருந்து 2 மணி 3 நிமிடம் 39 விநாடியில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எந்த ரயிலும் அந்த நேரத்தை எட்டவில்லை.

தங்கச்சி, ரயிலில் வாருங்கள். பாரிஸ் கார் டு நோர் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷாப்பல் நடக்கிற தூரம். அம்மாவுக்குக் கலியாணத்துக்கு மல்லிகைப் பூ, தட்டு, குங்குமம் என்று எது மறந்திருந்தாலும் அங்கே வாங்கிவிடலாம்.

தேம்ஸ்கரை

நன்றி ஐயா, இப்போது விளங்கியது. 492ஐ 2 மணி 16க்கு வகுத்தால் சராசரி மணிக்கு 217 கிலோமீட்டர். விமானத்துக்கு 344ஐ 50 நிமிடத்துக்கு வகுத்தால் 413 வருகிறது, டிக்கெட் நேரமான 80 நிமிடத்துக்கு வகுத்தால் 258. மணிக்கு 800 சொச்சம் பறக்கக்கூடிய ஒரு பொறி, ரயிலை விடக் கொஞ்சம்தான் வேகம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. இதில் வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரத்தைச் சேர்க்கவேயில்லை.

வேன்காரர்

காரில் வருகிறவர்களும் இருக்கிறோம். போன வருடம் எட்டுப் பேர், புடவைப் பெட்டி, பலகாரச் சட்டி, எல்லாம் ஒரே வேனில். ஃபோக்ஸ்டனில் வேனை ரயிலுக்குள் ஏற்றினால் 35 நிமிடத்தில் அந்தப் பக்கம். வீட்டிலிருந்து வீடு 6 மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதில் ஒரு மணி நேரம் பாரிஸ் சுற்றுச் சாலை நெரிசலில். ஆனால் வாசலில் ஏறி வாசலில் இறங்கினோம், என் மாமியார் ஒரு படிகூட ஏறவில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதையும் யோசியுங்கள். ஒன்று, நடுவில் காலை நீட்ட நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மடக்கியே வைத்திருந்த கால் இறங்கும்போது நிற்காது.

ஹரோ மகள்

எனக்கு அவ்வளவு தூரம் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை அண்ணா, ஆனால் கால் நீட்டுவது பற்றிச் சொன்னது உதவும்.

நேரம் பற்றி ஒரு கேள்வி. பாரிஸ் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால். கோடை, குளிர்காலம் மாறும்போது அதுவும் மாறுமா? வரைபடத்தில் பார்த்தால் பாரிஸ் லண்டனுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருக்கிறது, பிறகு ஏன் ஒரு மணி நேரம்?

லில் ஆசிரியை

மாறாது. இரண்டு நாடும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு, ஒரே கணத்தில் கடிகாரத்தைத் திருப்புகின்றன. எப்போதும் ஒரு மணி நேரம்தான். மருந்து நேரத்துக்கு லண்டன் நேரத்திலேயே ஒரு கைக்கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளுக்கு மாற்ற வேண்டாம்.

ஏன் என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. சூரியனை வைத்துப் பார்த்தால் பாரிஸ் கிரீனிச்சுக்கு வெறும் 9 நிமிடம் 21 விநாடிதான் முன்னால். 1911 வரை பிரான்ஸ் பாரிஸ் நேரத்தையே வைத்திருந்தது. பிறகு கிரீனிச்சுக்கு மாறியது, ஆனால் சட்டத்தில் கிரீனிச் என்ற பெயரை எழுத மனமில்லாமல் ‘பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி பின்’ என்று எழுதினார்கள். 1940இல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்ததும் கடிகாரத்தை பெர்லின் நேரத்துக்குத் திருப்பினார்கள். போர் முடிந்தது, படை போனது, அந்த ஒரு மணி நேரம் மட்டும் தங்கிவிட்டது. குளிர்காலத்தில் இங்கே காலை எட்டரைக்குப் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கு வரும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஓடுபாதை

நல்ல தகவல் டீச்சர்.

பாரிஸ் பழசு அண்ணா ரயில் ரயில் என்கிறார், நானும் பொதுவாக ஒத்துக்கொள்வேன். ஆனால் இந்தத் தங்கச்சியின் கணக்கு வேறு. எங்கிருந்து எங்கே என்று பாருங்கள். ஹரோவிலிருந்து ஹீத்ரோவுக்கு எஸ்.எல்.9 பேருந்து நேரே போகிறது, காரில் அரை மணி. அங்கே இறங்கினால் சார்ல் டி கோலிலிருந்து பாரிஸ் போகிற ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் பாதையிலேயே லா கூர்நேவ் இருக்கிறது, எல்லா நிலையத்திலும் நிற்கிற ரயிலாகப் பார்த்து ஏற வேண்டும், அவ்வளவுதான். பாரிஸ் நடுவுக்குப் போகவே வேண்டாம். டூட்டிங்கிலிருந்து ஈஃபில் கோபுரம் பார்க்கப் போகிறவருக்கும் இவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

கேட்விக், லூட்டன் என்று மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் போகாதீர்கள். ஹரோவிலிருந்து கேட்விக் லண்டனுக்கு மறுபுறம், பாரிஸ் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது டாக்சியில் போய்விடும்.

பாரிஸ் பழசு

ஆர்.இ.ஆர். சரிதான், நானும் அந்தக் கோட்டில்தான் வேலைக்குப் போகிறேன். நீங்கள் நேரத்தைப் பார்க்கிறீர்கள், நான் நடையைப் பார்க்கிறேன். ஹீத்ரோவில் பாதுகாப்புச் சோதனை முடிந்து ஏறும் வாசலுக்கு எவ்வளவு நடை? சார்ல் டி கோலில் இறங்கி, கடவுச்சீட்டு வரிசையில் நின்று, மறுபடி ரயில் நிலையத்துக்கு எவ்வளவு நடை? தடி பிடித்த தாய். சென்ட் பாங்க்ரஸில் பிரெஞ்சுப் போலீஸ் லண்டனிலேயே கடவுச்சீட்டைப் பார்த்துவிடுகிறது, பாரிஸில் இறங்கினால் ஒரு வரிசையும் இல்லை, பெட்டியிலிருந்து நேரே தெருவுக்கு வரலாம். களைத்துப்போன முடிவில் வரிசை இல்லாமல் இருப்பது பெரிய விஷயம். கார் டு நோரிலிருந்து லா கூர்நேவுக்கு டாக்சி எடுங்கள், தூரம் அதிகமில்லை.

ஓடுபாதை

நடை பற்றிச் சொன்னது நியாயம், மறுக்க மாட்டேன். எதில் போனாலும் உதவி கேளுங்கள், தங்கச்சி. விமானம் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொன்னால் சக்கர நாற்காலியோடு ஆள் வர வேண்டும், காசு கேட்கக் கூடாது, அது சட்டம். வயதானவர்கள் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. ‘எனக்கு நடக்க முடியும் தம்பி’ என்று சொல்லி நடந்து, பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாக்களை நான் வாரத்துக்கு நாலு பேராவது பார்த்திருக்கிறேன். உட்காரச் சொல்லி நாற்காலியை எடுத்து வர ஓடுவேன். முன்பே சொல்லியிருந்தால் அந்த வேதனை இல்லை.

ஒரு முறை என் சொந்த அம்மாவுக்கே நான் பதிவு செய்தும் ஆள் வரவில்லை, 40 நிமிடம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அதனால் பதிவு செய்ததற்கான மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வரவேற்பு மேசையில் மறுபடி ஞாபகப்படுத்துங்கள்.

தேம்ஸ்கரை

ஆவணமும் பாருங்கள். அம்மாவிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு என்றால் விசா வேண்டாம், ஆனால் 2025 அக்டோபர் 12இலிருந்து ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அதற்குக் கொஞ்சம் நேரம் வையுங்கள். எங்களைப் போல இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். தூரம் 344 கிலோமீட்டர், ஆனால் என் பெற்றோரை அங்கே கூட்டிப் போக நான் ஆறு வாரம் காத்திருந்தேன்.

ஹவுன்ஸ்லோ மச்சான்

ஹரோ மகள் என் ஒன்றுவிட்ட அக்காதான், இதே கலியாணத்துக்கு நானும் போகிறேன். நான் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு விமானம் எடுத்துவிட்டேன், கைப்பை மட்டும். யார் முதலில் மாமா வீட்டு வாசலில் நிற்பது என்று இருவரும் நேரம் குறித்து வந்து இங்கே போடுகிறோம்.

ஓடுபாதை

தம்பி, ஹவுன்ஸ்லோவிலிருந்து லா கூர்நேவா? அப்படியென்றால் நீங்கள் போவது சாதாரண வழி இல்லை. 1919 ஆகஸ்ட் 25ஆம் தேதி லண்டன்–பாரிஸ் தினசரி விமான சேவை தொடங்கியது, நாடு விட்டு நாடு ஆட்களை ஏற்றிப்போன முதல் தினசரி சேவை என்று அதைத்தான் சொல்வார்கள். புறப்பட்ட இடம் ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானம். இறங்கிய இடம் லு பூர்ஜே விமான நிலையம், அந்தப் பெயரில்தான் லா கூர்நேவுக்கு அடுத்த ஆர்.இ.ஆர். நிலையம் இருக்கிறது. போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தை மாற்றிக் கட்டியது, ஒரே ஒரு பயணி, கூடவே சில சரக்கு மூட்டைகள். சுமார் இரண்டரை மணி நேரம்.

அப்போது கீழே தெரிகிற சாலையையும் தண்டவாளத்தையும் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். 1922 ஏப்ரல் 7இல் வட பிரான்ஸின் பிக்கார்டிக்கு மேலே பனிமூட்டத்தில், ஒன்று பாரிஸிலிருந்து, ஒன்று லண்டன் பக்கமிருந்து, இரண்டு பயண விமானங்கள் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்து நேருக்கு நேர் மோதின. ஏழு பேரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வழியில் வலப்பக்கமாகப் போ என்ற ஒழுங்கு வந்தது. இன்று ஒவ்வொரு விமானத்தையும் ரேடார் பார்த்து இடைவெளி விட்டு வரிசையில் விடுகிறார்கள். நாம் ‘ஏன் வட்டமடிக்கிறான்’ என்று முணுமுணுக்கிற பத்து நிமிடம் அதற்கான விலை. எனக்கு அதில் குறையே இல்லை.

ஹரோ மகள்

போய்வந்துவிட்டோம். கலியாணம் நன்றாக நடந்தது. ரயிலில்தான் போனோம், சொன்னபடி நேரம் எழுதுகிறேன். எல்லாம் லண்டன் நேரம்.

7.05 வீட்டைப் பூட்டினோம். மெட்ரோபொலிட்டன் சுரங்க ரயிலில் நேரே சென்ட் பாங்க்ரஸுக்குப் பக்கத்துக் கிங்ஸ் கிராஸ், மின்தூக்கி இருந்ததால் படி இல்லை, 7.55. பாதுகாப்புச் சோதனை, பிரெஞ்சு அதிகாரி எல்லாம் முடிய 8.40. இங்கே ஒன்று. அம்மாவின் கைரேகை கண்ணாடியில் விழவில்லை. நாற்பது வருடம் தேங்காய் துருவி, பாத்திரம் தேய்த்த விரல்கள், ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. அந்த அதிகாரிப் பெண் தன் கைக்குட்டையால் அம்மாவின் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்து, தானே மெல்ல அழுத்திப் பிடித்தா. மூன்றாவது தடவையில் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

9.31 ரயில். உதவிக்கு வந்தவர் பெட்டி வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார். சுரங்கம் 20 நிமிடம்தான், அம்மா ‘கடல் எப்போது வரும்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தா, வெளியே வெளிச்சம் வந்ததும் அது பிரான்ஸ் என்றேன், நம்பவில்லை. இரண்டு தடவை எழுந்து பெட்டிக்குள் நடந்தா, விமானத்தில் அது முடிந்திருக்காது. 11.50 கார் டு நோர். டாக்சி. 12.30 மாமா வீடு. மொத்தம் 5 மணி 25 நிமிடம்.

ஹவுன்ஸ்லோ மச்சான்

என்னுடையது. 7.20 வீடு. விமானம் 9.40 என்று போட்டிருந்தது, 9.52க்குத்தான் நகர்ந்தது, ஏறும்போது 10.09. சக்கரம் தரையைத் தொட்டது 10.56, கைக்கடிகாரத்தில் பார்த்தேன், 47 நிமிடம். ஓடுபாதை அண்ணா சொன்னது அப்படியே. நின்றது 11.08. கடவுச்சீட்டு வரிசை, நடை, ஆர்.இ.ஆர்., அங்கிருந்து பத்து நிமிட நடை. 12.22 மாமா வீடு. 5 மணி 2 நிமிடம். அக்காவுக்கு எட்டு நிமிடம் முன்னால் போனேன், ஆனால் நான் ஓட்டமும் நடையுமாகப் போனவன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த நடை முடிந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

பாரிஸ் பழசு

பூ வாங்க லா ஷாப்பலில் இறங்கினீர்களா, தங்கச்சி?

ஹரோ மகள்

போகும்போது இல்லை அண்ணா, வரும்போது. ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் இருந்தது. கடையில் அம்மாவை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். முருங்கைக்காய் ஹரோவில் கிடைக்கிற அதே முருங்கைக்காய்தான், இருந்தாலும் வாங்கித்தான் வருவேன் என்று ஒரு கட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தா. பாரிஸ் நேரம் 16.12க்கு ஏறி, லண்டன் நேரம் 17.30க்கு சென்ட் பாங்க்ரஸில் இறங்கினோம். மருந்து நேரம் தப்பவில்லை, லில் அக்கா சொன்னபடி அம்மாவின் கடிகாரத்தை நாங்கள் மாற்றவேயில்லை.